ஸ்தூபிக்குச் செங்கல் வைக்கிறவர்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. உட்கார்ந்து எழுத இப்போதுதான் ஒரு மேஜை கிடைத்தது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

குடியிருப்பு என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி. ஜன்னலைத் திறந்தால் அணையின் முதுகு தெரியும். எனக்கு வேலை அதன் வயிற்றுக்குள். லிஃப்டில் இறங்கினால் அணையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு சுரங்கம் போகிறது. சுவரில் கசிகிற தண்ணீர் ஓரத்து வாய்க்காலில் ஓடும். எவ்வளவு கசிகிறது என்று அளந்து எழுத வேண்டும், அவ்வளவுதான். "ஐயோ, அணை ஒழுகுதா?" என்று பயந்துவிடாதே. எல்லா அணையும் ஒழுகும். நேற்றைவிட இன்று அதிகமா என்பதுதான் விஷயம்.

என் சமையலைப் பற்றிக் கேட்காதே. பக்கத்து அறைக்காரர் நேற்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுவும் கசிவுல சேர்ந்ததா?" என்றார்.

நீர்த்தேக்கத்துக்கு நடுவில் ஒரு தீவு இருக்கிறது. அதில் பழைய புத்த மடங்களும் ஸ்தூபிகளும் இருக்கின்றனவாம். லாஞ்சில் ஒரு மணி நேரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு பாப்பாவுக்கு எழுதுகிறேன்.

உன் மாமியார் எழுந்து நடக்கிறாரா? அத்தானைப் பற்றி ஏதாவது தகவல் உண்டா? இங்கு போன் பெரிய அதிகாரியின் மேஜையில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே கடிதம் போடு.

பாப்பாவுக்கு என் முத்தம்.

தம்பி

*

பிப்ரவரி 24

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான். கண்ணாடிக் கடையில் இப்போது என்னை முன்பக்கம் நிற்க வைப்பதில்லை. உள்ளே உட்கார்ந்து பிரேமுக்கு ஏற்றபடி லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக் கொடுக்கிறேன். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் காலுக்கு நல்லதுதான். பொடி மட்டும் மூக்கில் ஏறுகிறது.

அத்தை நடப்பதில்லை. ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. நினைவும் வந்து வந்து போகிறது. நல்ல நினைவு இருக்கிற நேரத்தில் பெரியவனைத்தான் கேட்கிறார். "எங்க போனான்? ஒரு வார்த்தை கோபத்துல சொன்னா இப்படியா?" என்று என்னிடமே கேட்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று என்ன சொன்னார் என்பதை நீயும் கேட்டாய். சாரம் சரிந்து சின்னவன் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனான். சாரத்தைக் கட்டியவர் அவன் அண்ணன், உன் அத்தான். "நீதானே அவனை மேல ஏத்துன. இனிமே என் கண்ணு முன்னால நிக்காத." பெற்ற வயிறு பற்றி எரிகிறபோது வாயில் என்னதான் வராது? அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் வீட்டுக்குள் சுவர் ஓரமாகவே நடந்தார். பிறகு ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகிறவர் மாதிரி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது.

அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஆறு வருஷமாக எல்லாக் கடிதத்திலும் விடாமல் கேட்கிறவன் நீ ஒருத்தன்தான். மற்றவர்கள் எல்லாரும் கேட்பதை விட்டுவிட்டார்கள். அவர் இருந்ததையே மறந்துவிட்ட மாதிரி பேசுகிறார்கள். நீ கேட்பது எனக்கு ஒரு ஆறுதல்.

பாப்பாவுக்குப் பள்ளியில் புத்தர் பாடம் நடக்கிறது. "மாமா புத்தரைப் பார்க்கப் போறாரா?" என்று குதிக்கிறாள். சீக்கிரம் எழுது. சூடாகச் சாப்பிடு.

அக்கா

*

மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபப்படாதே. வேலை அதிகம். நான் நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

தீவுக்குப் போனேன். பாப்பாவுக்குச் சொல்: அந்தக் கட்டடங்கள் எல்லாம் முதலில் பள்ளத்தாக்கில் இருந்தன. அணை கட்டி தண்ணீர் ஏறுவதற்கு முன்னால், ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, பிரித்து, குன்றின் மேல் கொண்டுபோய் இருந்தபடியே அடுக்கினார்கள். அந்தக் குன்றுதான் இப்போது தீவு. ஒரு ஸ்தூபியின் அடித்தளம் மேலிருந்து பார்த்தால் வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கும். பிக்குகள் இருந்த அறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். சாப்பாட்டுக் கூடத்தில் நீளமாகக் கல் பெஞ்சு. அருங்காட்சியகத்தில் ஒரு புத்தர் நிற்கிறார். மூக்கு கொஞ்சம் உடைந்திருக்கிறது. ஆனால் அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

பழுது பார்க்கும் வேலை இன்னும் நடக்கிறது. சிமெண்ட் தொடக் கூடாது. சுண்ணாம்பை நாள் கணக்கில் ஊற வைத்து மணலோடு அரைத்துத்தான் பூச வேண்டும். புதிதாக வைக்கிற செங்கல் ஒவ்வொன்றிலும் வருஷத்தைக் குத்துகிறார்கள். பின்னால் வருகிறவர்கள் எது பழசு, எது புதுசு என்று ஏமாறக் கூடாதாம்.

உன் மாமியாரைக் கவனித்துக்கொள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. வேறு விசேஷம் இல்லை.

தம்பி

*

ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

இங்கு வீட்டில் சுகத்துக்குக் குறைவில்லை. அங்கும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் பாப்பா மூன்று பேருக்குப் படித்துக் காட்டிவிட்டாள். கொத்தனார் வேலையெல்லாம் எப்போது கற்றுக்கொண்டாய்? சுண்ணாம்பு அரைக்கிற வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறாயே.

மே மாதம் பாப்பாவுக்கு லீவு. கடையில் மூன்று நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன். எதிர் வீட்டு நர்ஸ், அத்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். நாங்கள் வரலாமா? ஆறு வருஷத்தில் நான் இந்த ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. வீட்டை விட்டு நகர்ந்தால் அந்த நேரம் பார்த்து அவர் வந்து கதவைத் தட்டிவிடுவார் என்று ஒரு எண்ணம். பைத்தியக்காரத்தனம்தான். இப்போது ஒரு தடவை எங்கேயாவது போய் மூச்சு விட வேண்டும் போல் இருக்கிறது. உடனே பதில் போடு.

அக்கா

*

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ வருவதாக எழுதியது சந்தோஷம். ஆனால் மே மாதம் வேண்டாம் என்று தோன்றுகிறது. வெயில் கொளுத்துகிறது. தீவில் நிழலே இல்லை. லாஞ்சும் அடிக்கடி பழுதாகிறது. படகுத்துறையிலிருந்து மேலே ஏற வேண்டும், உன் முழங்காலுக்கு ஆகாது. அறையும் சின்னது. அடுத்த வருஷம் எனக்குப் பெரிய குடியிருப்பு தருவார்கள். அப்போது பார்க்கலாம்.

பாப்பாவுக்குச் சக்கர ஸ்தூபியை வரைந்து அனுப்பியிருக்கிறேன். மாமியாரைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

மே 8

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். வெயிலையும் லாஞ்சையும் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன். அதை விடு.

மார்ச் கடிதத்தில் அவரைப் பற்றி நீ கேட்கவில்லை. அவசரத்தில் மறந்திருப்பாய் என்று நினைத்தேன். போன கடிதத்திலும் கேட்கவில்லை. உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். உனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டில்காரரை விட்டு நான்கு வரி எழுதச் சொன்னாயே, அதில்கூட ஒரு வரி அந்தக் கேள்வி.

நீ கேட்பதை நிறுத்தினால் ஒன்று உனக்கு அவர் மறந்து போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெரிந்து போயிருக்க வேண்டும். நீ மறக்கிற ஆள் இல்லை.

உயிரோடு இருக்கிறாரா? அதை மட்டும் எழுது. என்னிடம் எதையும் மறைத்துப் பேச உனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. தலையைக் குனிந்துகொண்டு வேறு எதையாவது அளந்து விடுவாய். இப்போது ஸ்தூபியை அளந்துவிட்டிருக்கிறாய்.

அத்தைக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது.

அக்கா

*

மே 14

அக்கா,

உயிரோடு இருக்கிறார். இங்கேதான் இருக்கிறார். தீவில்.

முதல் தடவை போனபோதே பார்த்தேன். ஸ்தூபியின் அடியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கொத்துக்கரண்டியால் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்துவிட்டது. கரண்டியைத் திருப்பி அதன் பிடியால் செங்கல்லை இரண்டு தட்டுத் தட்டுவாரே, அதை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. "அத்தான்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. "கை கழுவிட்டு வரேன், மாப்ள" என்றார்.

கல் பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். உன்னைப் பற்றியும் பாப்பாவைப் பற்றியும் எல்லாம் கேட்டார். நான்கு வருஷமாக இங்கே இருக்கிறாராம். அதற்கு முன்னால் எங்கெங்கோ.

"ஏன் அத்தான், மேஸ்திரி வேலைதான் செய்யறீங்க, அதை வீட்டுல இருந்தே செய்யக் கூடாதா?" என்று கேட்டேன்.

"இங்க சாரம் கட்ட வேண்டியதில்ல, மாப்ள. இடிஞ்சதை இடிஞ்ச அளவுலதான் நிறுத்தணும்னு விதி. இடுப்பு உயரத்துக்கு மேல எந்தச் சுவரும் ஏறாது. யாரும் மேல போக வேண்டாம்."

கடைசியில் ஒன்று சொன்னார். "உங்க அக்காகிட்ட நீ சொன்னன்னு வை, மறுநாள் நான் இங்க இருக்க மாட்டேன். உன்னை மிரட்டல. என்னால முடியாது, அவ்வளவுதான்."

நான் என்ன செய்யட்டும், அக்கா? சொன்னால் ஆள் போய்விடுவார். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கண் முன்னால் இருப்பார். எங்கேயோ தொலைவதைவிட, எனக்குத் தெரிந்த இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். நான் உனக்குச் செய்தது துரோகமா உபகாரமா என்று எனக்கே விளங்கவில்லை.

நீ வா. லாஞ்ச் நன்றாகத்தான் ஓடுகிறது. அவரிடம் நான் சொல்லவில்லை.

தம்பி

*

மே 29

அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அத்தை அப்படியே இருக்கிறார். நர்ஸ் தினமும் இரண்டு வேளை கஞ்சி ஊட்டியிருக்கிறாள்.

நீ படகுத்துறையிலேயே நின்றுவிட்டாய். திரும்பி வந்தபோது ஒன்றும் கேட்கவும் இல்லை. பாப்பா கூடவே இருந்ததால் நானும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் மெதுவாக ஏறினேன். பாப்பா முன்னால் ஓடிவிட்டாள். நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவர் செங்கல்லில் வருஷம் குத்திக்கொண்டிருந்தார். "இது எதுக்கு?" என்று கேட்டாள். "இது நாங்க வெச்சதுன்னு தெரியறதுக்கு" என்றார். "நான் ஒண்ணு குத்தட்டுமா?" அவர் அச்சை அவள் கையில் கொடுத்து, தன் கையை மேலே வைத்து அழுத்தினார். "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார். சொன்னாள். எத்தனையோ பேருக்கு அந்தப் பெயர் இருக்கும். அவர் உடனே தலையைத் தூக்கி அவளுக்குப் பின்னால் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் எழுந்து நின்றார். ஆறு வருஷமாக மனசுக்குள் எத்தனை கேள்வி அடுக்கி வைத்திருந்தேன் தெரியுமா? வாயில் வந்தது, "இளைச்சுட்டீங்க" என்பதுதான்.

பாப்பாவைச் சக்கர ஸ்தூபியைச் சுற்றி வரச் சொல்லி அனுப்பினேன். அவர் நின்றபடியே இருந்தார். நான் நேராகவே சொன்னேன். "நான் உங்களைக் கூட்டிட்டுப் போக வரல. எனக்காக வரச் சொல்லவும் மாட்டேன். உங்க அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். பெரியவன், பெரியவன்னு தவிக்கறாங்க. ஒரு தடவை முகத்தைக் காட்டிட்டுப் போயிடுங்க."

"என்னைக் கண்ணு முன்னால நிக்காதன்னு சொன்னாங்க" என்றார்.

"இப்ப அவங்கதான் கூப்பிடறாங்க."

பாப்பா சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பாப்பாவுக்குச் சொல்லிடாத" என்றார். லாஞ்ச் சங்கு ஊதியது. "வரேன்னு சொல்லுங்க" என்றேன். தலையை ஆட்டினார். அது சம்மதமா, போய் வா என்பதா, எனக்குப் புரியவில்லை.

லாஞ்சில் பாப்பா, "அந்த மேஸ்திரி மாமா ரொம்ப நல்லவர்மா" என்றாள். பஸ்ஸில் நீ பிடித்துக் கொடுத்த ஜன்னலோரச் சீட்டில் ஊர் வரை தூங்கிவிட்டாள்.

அக்கா

*

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று தீவுக்குப் போனேன். அத்தான் இல்லை. நீங்கள் வந்துபோன மறுநாளே வேலையை விட்டுவிட்டாராம். அங்கிருக்கும் கண்காணிப்பாளர், "நல்ல வேலைக்காரர், ஒரு வார்த்தை காரணம் சொல்லல" என்று வருத்தப்பட்டார். அத்தான் படுத்துக்கொள்ளும் கொட்டகையில் பாய் சுருட்டி வைத்திருக்கிறது. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் துடைத்து மாடத்தில் வைத்திருக்கிறார். கொத்துக்கரண்டி மட்டும் இல்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ வராமல் இருந்திருக்க முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. சுரங்கத்துக்குள் நடக்கும்போது வாய்விட்டு அழுதேன், அக்கா. யாருக்கும் கேட்காது என்பது இந்த வேலையில் ஒரு வசதி.

அங்கே வந்தாரா? வந்திருந்தால் இதற்குள் எழுதியிருப்பாய்.

தம்பி

*

ஜூலை 3

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்று வரை அவர் வரவில்லை. மறுநாள் வந்தார். அதற்குப் பிறகு எழுத உட்காரவே முடியவில்லை. அத்தை போய்விட்டார். தந்தி கொடுத்தால் நீ பதறிக்கொண்டு ஓடி வருவாய், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்.

நம் ஊருக்கு வந்து, பஸ் நிலையத்துப் பெஞ்சிலேயே பத்து நாள் கிடந்திருக்கிறார். தெருமுனை வரை வருவது, திரும்பிப் போவது. கடைசியில் எதிர் வீட்டு நர்ஸ் பார்த்து, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டு அவளே கூட்டிக்கொண்டு வந்தாள்.

அத்தை கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பை இந்த ஆறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

"சின்னவனே, வந்துட்டியா? சாப்டியாடா?" என்றார்.

உன் அத்தான் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். இல்லை, இது பெரியவன் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னைத் தடுத்துவிட்டார்.

"சாப்டேம்மா."

"பெரியவன் எங்க?"

"வேலையில இருக்கான்மா."

"அவனை நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன்டா. அவன் தாங்க மாட்டான். உனக்கு ஒண்ணுன்னா அவன் உயிரையே விட்டுடுவான், எனக்குத் தெரியாதா? நீ போய் வரச் சொல்லு. நீ சொன்னா கேப்பான்."

"சொல்றேம்மா."

"கோபம் இல்லன்னு சொல்லு."

"சரிம்மா."

நான்கு நாள் இருந்தார் அத்தை. அந்த நான்கு நாளும் கஞ்சி ஊட்டியது, துடைத்துவிட்டது, திருப்பிப் படுக்க வைத்தது எல்லாம் அவர்தான். அத்தை சின்னவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் அவர் "ஏன்மா" என்பதும் வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. அத்தை ஒரு தடவையாவது அவர் பெயரைச் சொல்லிவிட மாட்டாரா என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்ற நிம்மதியிலேயே போய்விட்டார்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கிளம்பிப் போன பிறகு, அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "கோபம் இல்லன்னு சொன்னாங்க, இல்ல?" என்றார். "சொன்னாங்க" என்றேன். "எங்கிட்ட சொல்லல" என்றார்.

ஒரு வாரம் இருந்தார். பாப்பாவோடு நன்றாகப் பேசினார். அவர் யார் என்று அவளிடம் வாய் திறக்க வேண்டாம் என்று வந்தவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தேன்; அவளுக்கு அவர் மேஸ்திரி மாமாதான். நானும் அவளும் மாடிக்குத் துணி உலர்த்தப் போனால் பின்னாலேயே வந்து படியில் நின்றுகொள்வார். அவள் கைப்பிடிச் சுவர் பக்கம் போனால் அங்கிருந்தே அவளைக் கூப்பிட்டுவிடுவார். "இந்தத் தெருவுல எந்த மாடியைப் பாத்தாலும் அவன் நிக்கற மாதிரியே இருக்கு" என்றார். இவர் இங்கே தங்க மாட்டார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

போன திங்கட்கிழமை காலை பையை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பாப்பாகிட்ட நான் யாருன்னு சொல்லிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.

ஆறு வருஷம் கதவுச் சத்தத்துக்கு எழுந்து எழுந்து உட்கார்ந்தவள் நான். தெருவில் யார் நடந்தாலும் செருப்புச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டவள். அந்தப் பழக்கத்தை நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கப் போவதில்லை.

"இருக்கறதா இருந்தா சொல்லுங்க" என்றேன். "போறதா இருந்தா மாமாவாவே போங்க."

அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

பாப்பா பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். வாயில் நுரையோடு, "போயிட்டு வாங்க, மாமா" என்று கையாட்டினாள். அவர் திரும்பிப் பார்த்து, "வரேம்மா" என்றார். போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம்.

நான் நாளை மறுநாள் கடைக்குத் திரும்புகிறேன். அத்தையின் கட்டிலை இன்னும் நகர்த்தவில்லை. நீ லீவு கிடைக்கும்போது வா, இரண்டு பேருமாக நகர்த்தலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா